அனாமத்துக் கணக்கு

பி.காம். படித்தவர்களுக்கென்று தனியாக ஒரு கெட்ட சொப்பனம் உண்டு. பரீட்சை ஹால். மணியடிக்க ஐந்து நிமிஷம். டிரயல் பாலன்ஸில் பற்றுப் பக்கம் ஒரு தொகை, வரவுப் பக்கம் இன்னொரு தொகை. நடுவில் முந்நூற்று எழுபது ரூபாய் இடிக்கும். எங்கே விட்டோம் என்று தேடத் தேட, சூப்பர்வைசர் வந்து பேப்பரைப் பிடுங்குவார். வியர்த்துப்போய் எழுந்து உட்காருவேன். பட்டம் வாங்கிப் பதினைந்து வருஷம் ஆகியும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது, கரண்ட் பில் மாதிரி.

இதற்கு எங்கள் சாஸ்திரத்திலேயே ஒரு பரிகாரம் இருக்கிறது. இடிக்கிற தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி மேலே போய்க்கொண்டிருக்கலாம். தமிழ் மீடியத்தில் இதற்கு 'அனாமத்துக் கணக்கு' என்று பெயர். என்ன அழகான பெயர் பாருங்கள்! யாருடையது என்று தெரியாது, ஆனால் இருக்கிறது.

ஒரே ஒரு கண்டிஷன். தப்பு எங்கே என்று தெரிந்த அன்றைக்கு, பிழைத்திருத்தப் பதிவு போட்டு அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும்.

இப்போது இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் அக்கா மகன் ஒரு லாங் சைஸ் நோட்டு நிறைய அனாமத்துக் கணக்கு எழுதி வைத்திருக்கிறான்.

*

2024 மே மாதம். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து ஆழ்வார்திருநகரிக்கு லீவுக்கு வந்தான். கையில் அந்த நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'எல்.சி.யு.' என்று கொட்டை எழுத்து.

"எல்.ஐ.சி. தெரியும். இது என்னல?" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "லோகேஷ் சினிமாட்டிக் யுனிவர்ஸ் மாமா. நீங்கல்லாம் பத்திரிகையில எழுதி..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டான். நல்ல பிள்ளை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோகேஷ் கனகராஜ் 2019-ல் 'கைதி' எடுத்தார். 2022-ல் அவர் எடுத்த 'விக்ர'மில், 'கைதி'யின் போலீஸ் அதிகாரி பிஜாய் அதே பெயரோடு, அதே உத்தியோகத்தோடு உள்ளே நடந்து வந்தார். 2023 அக்டோபரில் 'லியோ' வந்தது. அதில் 'கைதி'யின் கான்ஸ்டபிள் நெப்போலியன் இமாசலப் பிரதேசத்துக் குளிரில் வந்து நின்றார். படம் முடிகிற சமயத்தில் போனில் விக்ரமின் குரல். ஆக மூன்று படமும் ஒரே உலகம். முதுகில் துணி கட்டிப் பறந்தால்தான் சூப்பர் ஹீரோ என்பதில்லை. தனி ஆளாக ஒரு ராத்திரிக்குள் ஒரு பட்டாளத்தையே சுருட்டிப் போடுகிறவர்களும் அந்த ஜாதிதான்.

மூன்று கடைக் கணக்கை ஒரே புத்தகத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இடிக்கும். இடிக்கத்தான் செய்தது. இடிக்கிற இடத்தையெல்லாம் மருமகன் நம்பர் போட்டு எழுதியிருந்தான்.

'கைதி'யில் போலீஸ் பிடியில் இருந்த அடைக்கலம், 'விக்ரம்' முடிவில் ரோலக்ஸ் முன்னால் எப்படி வந்து நின்றான்?

"ஜாமீன்ல வந்திருப்பாம்ல" என்றேன்.

"போதைப் பொருள் கேஸ் மாமா. அவ்வளவு லேசுல ஜாமீன் குடுப்பாவளா?" என்று மடக்கிவிட்டு, ரோலக்ஸின் ஆள் ஜெயிலுக்குள்ளேயே இருக்கிறான் என்று ஒன்றரைப் பக்கம் வாசித்துக் காட்டினான். சட்ட நுணுக்கத்தில் எங்கள் ஊர் வக்கீல்கள் பிச்சை வாங்க வேண்டும்.

அடுத்தது, தமிழ்நாட்டுக் கான்ஸ்டபிளுக்கு இமாசலத்தில் என்ன ட்யூட்டி? படம் சொன்னது அவனுக்குப் போதவில்லை. இதற்கு மூன்று தியரி.

அடுத்தது, 1986-ல் வந்த 'விக்ரம்'. சுஜாதா தொடர்கதையாகவும் எழுதியது. அந்த விக்ரம், சலாமியா என்று உலக வரைபடத்திலேயே இல்லாத ஒரு தேசத்துக்கு ஏவுகணையைத் தேடிப் போனவர். அவரும் இவரும் ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால் இந்த உலகத்தில் சலாமியாவும் இருந்தாக வேண்டுமே? முப்பத்து நாலாம் பக்கத்தில் சலாமியாவுக்குத் துறைமுகம் உண்டா என்கிற ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

"ஏலே, இதெல்லாம் டைரக்டர் கவனிக்காம விட்டதா இருக்கும். இம்புட்டு மெனக்கெடுதியே?" என்றேன்.

பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கவனிக்காம விட்டதுன்னு எதுவும் கிடையாது மாமா. நமக்கு இன்னும் புரியலன்னுதான் உண்டு."

இப்படி ஒரு நம்பிக்கை என் மேல் ஒரு கிளையன்டுக்காவது இருந்தால் நான் இந்நேரம் சொந்தமாக ஆபீஸ் போட்டிருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அவன் கட்சிக்கு டைரக்டரே வந்து சேர்ந்துகொண்டார். 'லியோ'வின் ப்ளாஷ்பேக் சரியில்லை என்று ஊரே சொன்னபோது, மன்சூர் அலிகான் பாத்திரம் சொல்லும் அந்தக் கதை பொய்யாகவும் இருக்கலாம் என்று பேட்டி கொடுத்தார். மருமகன் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, சிவப்பு மையில் 'சொன்னவன் யார்? அவன் எதை மறைத்தான்?' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தான்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு லேசாக வயிற்றைப் பிசைந்தது. காரணம் பிறகு சொல்கிறேன்.

*

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததில்லை. 1960-களில் அமெரிக்காவில் மார்வெல் காமிக்ஸ்காரர்களுக்கு வாசகர்கள் தப்புக் கண்டுபிடித்துக் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். ஒரு பக்கத்தில் வலது கையில் இருந்த ஆயுதம் அடுத்த பக்கத்தில் இடது கைக்குப் போயிருக்கும், இப்படி. ஆசிரியர் ஸ்டான் லீ கெட்டிக்காரர். 'நோ-பிரைஸ்' என்று ஒரு பரிசை அறிவித்தார். போகப் போக அதற்கு ஒரு விதியும் வந்தது. தப்பைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது ஏன் தப்பே இல்லை என்று விளக்கவும் வேண்டும். ஜெயித்தவருக்குத் தபாலில் ஒரு கவர் வரும். 'உங்கள் பரிசு உள்ளே' என்று மேலே அச்சடித்திருக்கும். பிரித்தால் காலி! அந்தக் காலிக் கவரைப் பொக்கிஷமாகப் பாதுகாத்தவர்கள் உண்டு.

எங்கள் ஊருக்கும் இது புதிதில்லை. பத்தாம் நூற்றாண்டுவாக்கில் நாதமுனிகள் என்று ஒரு பெரியவர். கும்பகோணத்துப் பெருமாள் மேல் யாரோ பத்துப் பாசுரம் பாடக் கேட்கிறார். முடிவில், இது ஆயிரம் பாட்டில் பத்து என்று வருகிறது. வேறு யாராவது என்றால் கன்னத்தில் போட்டுக்கொண்டு புளியோதரைக்கு நகர்ந்திருப்பார்கள். இவருக்கு இடித்தது. ஆயிரத்தில் பத்து போனால் மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே? பாடினவர்களுக்குத் தெரியவில்லை. கிளம்பி வந்துவிட்டார், நம்மாழ்வாரின் ஊரான எங்கள் ஊருக்கு. இங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. உறங்காப்புளியின் அடியில் உட்கார்ந்து, மதுரகவியாழ்வாரின் 'கண்ணிநுண்சிறுத்தாம்பை'ப் பன்னிரண்டாயிரம் தடவை சொன்னார், நம்மாழ்வார் தோன்றி ஆயிரம் என்ன, நாலாயிரத்தையும் கொடுத்தார் என்பது வரலாறு. திருவாய்மொழியை எண்ணினால் 1,102 பாசுரம். என் போன்றவனுக்கு அந்த நூற்றிரண்டு இடிக்கும்; வியாக்கியானக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கணக்கு உதைக்கிறது என்று ஒருத்தர் கவலைப்பட்டதால்தான் நமக்கு நாலாயிரம் கிடைத்தது. கதை மேல் பிரியம் இல்லாதவனுக்கு ஓட்டை தெரியாது. தெரிந்தாலும் "லாஜிக் இல்லப்பா" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவான். உட்கார்ந்து அடைக்கிறவன்தான் பிரியம் வைத்தவன்.

ஊருக்கு மட்டுமில்லை, எங்கள் வீட்டுக்கும் இது புதிதில்லை.

*

எங்கள் வீட்டின் முதல் தியரிக்காரர் என் சித்தப்பா. தார்சாவில் பாயை விரித்து, எட்டு வயசுப் பையனான எனக்கு முத்து காமிக்ஸ் வாசித்துக் காட்டுவார். 1972-ல் சிவகாசியிலிருந்து அதன் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி' உள்பட ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். மாயாவியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரண்டைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

"சித்தப்பா, உடம்பு மறையுது சரி. சட்ட எப்படி மறையும்?" என்று கேட்டேன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. பெரிய மனுஷனிடம் பேசுகிற மாதிரி யோசித்தார். "உடம்போட ஒட்டுனது உடம்போட போயிரும்ல. இரும்பு கரண்ட வாங்கிக் குடுக்கது. குடுக்கவன் எப்படி மறைவான்?" என்றார். "நம்ம ஊர் வோல்டேஜுக்கு மாயாவி பாதிதாம்ல மறைவாரு. வேட்டி வெளிய தெரியும்."

1997-ல் ஒரு நாள் விடியற்காலையில் சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வரவில்லை. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயசு.

அன்று சாயங்காலம் சைக்கிள் எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில் பூட்டியபடி கிடைத்தது. பூட்டை உடைக்க அப்பா சுத்தியலைத் தேடியபோது ஆச்சி சத்தம் போட்டாள். சைக்கிள் சாவி, எப்போதும் மாட்டுகிற ஆணியில், வீட்டு நடையில் தொங்கிக்கொண்டிருந்தது!

யோசித்துப் பாருங்கள். சைக்கிளை ஸ்டேஷனில் பூட்டிவிட்டு ரயிலேறியவரின் சாவி வீட்டு ஆணிக்கு எப்படி வந்தது?

ஆளாளுக்கு ஒரு தியரி. கள்ளச் சாவி என்றார் அப்பா. கூட்டாளி எவனோ கொண்டுவந்து மாட்டினான் என்றார் பெரியப்பா. போன காரணத்துக்கும் அப்படித்தான். காதல் என்று ஒருத்தர், கடன் என்று ஒருத்தர், சினிமா ஆசை என்று ஒருத்தர்.

ஆச்சியிடம் ஒரே தியரிதான். "எம்புள்ள ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு, மனசு கேக்காம திரும்பி வந்திருக்கான். நான் அசந்து தூங்குதேன்னு எழுப்பாம, சாவிய மாட்டிட்டுப் போயிருக்கான். ஒருக்க வந்தவன் திரும்ப வரமாட்டானா?"

அன்றிலிருந்து ராத்திரி புறவாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. போன் வந்த பிறகு, பேசாமல் வைக்கிற ஒவ்வொரு ராங் நம்பரும் சித்தப்பாதான். ஏன் பேசவில்லை? "பம்பாயில மேலதிகாரி பக்கத்துல நிப்பான்." ஏன் காகிதம் போடவில்லை? "அவன் கையெழுத்து தபால்காரனுக்குப் புரிஞ்சாத்தான!" ஒவ்வொரு ஓட்டையையும் ஆச்சி உடனுக்குடன் அடைத்தாள். மருமகன் படம் முடிந்து பேர் ஓடி முடிகிற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டான், கடைசியில் ஒரு சீன் வரும் என்று. ஆச்சி அப்படித்தான் இருபத்து நாலு வருஷம் உட்கார்ந்திருந்தாள். 2021-ல் எழுந்து போனாள்.

*

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் எண்ணூறு பயணிகளோடு அப்படியே நின்றுபோனது. தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து, சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்காமலே படித்துவிட்டுப் போயிற்று. மாயாவி உள்பட எல்லாரும் கூழ்.

சாவி மட்டும் தப்பித்தது. ஆணி உயரத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை.

மே மாதம் வெள்ளையடித்தபோது அப்பா அந்த ஆணியைப் பிடுங்கவிடவில்லை. சுற்றிலும் அடித்துவிட்டுப் போனார்கள். மருமகன் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "இது எந்தச் சாவி மாமா?"

ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அவனுக்குக் கதையைச் சொன்னேன். சைக்கிள், ஸ்டேஷன், ஆணி, ஆளாளுக்கு ஒரு தியரி. நிதானமாகக் கேட்டான். நோட்டில் எழுதவில்லை.

"ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"நடக்குற தூரந்தான்."

"சின்னப் பையன் நடப்பானா?"

நான் பேசவில்லை.

"சைக்கிள்ல பின்னால யாரு மாமா இருந்தா?"

இருபத்தேழு வருஷமாக அப்பா, பெரியப்பா, போலீஸ்காரர் என்று யாருமே கேட்காத கேள்வி. எல்லாரும் சைக்கிளை ஓட்டினவரையே தேடினார்கள். கேரியரை யாரும் பார்க்கவில்லை.

நான்தான் இருந்தேன்.

இருட்டோடு எழுப்பி, வா ஒரு ரவுண்டு என்று கூட்டிப் போனார். அப்போது மீட்டர் கேஜ் பாதை. திருநெல்வேலி போகிற வண்டி வந்து நின்றது. சைக்கிளைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்து மூடினார். "ஆணியில மாட்டிரு. யார்ட்டயும் சொல்லக் கூடாது. வரும்போது புது மாயாவி வாங்கியாறேன்." நடந்து வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். படுத்துத் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது வீடு அமளிப்பட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் அடி விழும் என்று ஒரு நாள் சொல்லவில்லை. மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று அடிப்பார்கள் என்று சொல்லவில்லை. ஒரு மாதம் போன பிறகு ஆச்சியின் தியரி தயாராகிவிட்டது. அவள் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ன ஆரம்பித்திருந்தாள். அப்புறம் எங்கே சொல்வது? பி.காம். படிக்கும்போது சொல்லியிருக்கலாம். கல்யாணத்தன்று சொல்லியிருக்கலாம். அவள் படுத்த படுக்கையாகி என் கையைப் பிடித்துக்கொண்டு, "புறவாசல தாழ் போட்டிறாதல" என்றபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே ஒரு தியரி வைத்திருந்தேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அன்று காலை நான் வாயைத் திறந்திருந்தால், அப்பா முதல் பஸ் பிடித்து, சித்தப்பாவைத் திருநெல்வேலி ஜங்ஷன் பெஞ்சிலேயே பிடித்திருக்கலாம். அந்த ஓட்டையை எதை வைத்து அடைத்தும் நிற்கவில்லை.

மாயாவி கதை மாதிரியேதான் ஆயிற்று. ஆள் மறைந்துவிட்டார். இரும்பு மட்டும் ஆணியில் தெரிந்துகொண்டே இருந்தது.

இதையெல்லாம் ஒரு பதினைந்து வயசுப் பையனிடம் சொல்லிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன்.

"மாமா, பெரியாச்சி தியரி தப்பில்ல."

"என்னல சொல்லுத?"

"திரும்ப வரவே மாட்டோம்னு போறவங்க சாவிய எதுக்கு வீட்டுக்கு அனுப்பணும்? சைக்கிள்லயே விட்டுட்டுப் போயிருக்கலாம்லா? பையில போட்டுக்கிட்டே போயிருக்கலாம்லா? ஆணியில மாட்டச் சொல்லியிருக்காவ. பெரியாச்சி பாக்குற எடத்துல. சின்னத் தாத்தா வரல, சரி. ஆனா சொல்லி அனுப்பியிருக்காவ. நீங்க கொண்டாந்து குடுத்துட்டீங்க. அவ்வளவுதான்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கீழே இறங்கிப் போனேன். மேஜையில் கிடந்த ஒரு பழைய கவரை எடுத்து, மேலே 'உங்கள் பரிசு உள்ளே' என்று எழிதிக் கொண்டுவந்து நீட்டினேன். ஆவலாகப் பிரித்தான். உள்ளே விரலை விட்டுத் துழாவினான். கவிழ்த்துத் தட்டினான்.

"ஒண்ணுமே இல்லையே மாமா?"

"அதாம்ல பரிசு."

அந்தக் கவர் இப்போது நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இனி அப்பா பாக்கி. நேரில் சொல்ல நாலைந்து தடவை முயன்றேன்; "என்னல?" என்று அவர் நிமிர்ந்ததும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். அவர் இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, விளம்பரம் உள்பட, எழுத்து விடாமல் படிக்கிறவர். ஆகவே இந்தக் கட்டுரையையே என் பிழைத்திருத்தப் பதிவாக வைத்துக்கொள்ளவும்.

விதிப்படி இத்தோடு அனாமத்துக் கணக்கு மூடியிருக்க வேண்டும். தப்பு எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று. பதிவும் போட்டாயிற்று. கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன். டாலி ஆகவில்லை.

இன்னும் ஒரு ஆள் இடிக்கிறது.